சனிக்கிழமைத் தண்ணீர்

ஸ்கேட் ஆர்ம், நியூஃபவுண்ட்லாந்து
1971 செப்டம்பர் 12

அன்புள்ள தம்பி கார்லண்டுக்கு,

என்னடா, எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா? இந்தக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை, காரணத்தோடுதான் கேட்கிறேன், அதற்கு அப்புறம் வருகிறேன். கர்த்தர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி ஃபீனாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே மழை என்று சொல்லிவிடுகிறது. ரேடியோக்காரனைவிட அது தேவலை.

உன் கடிதம் வியாழக்கிழமைக் கப்பலில் வந்தது. நான் மீன் காயப்போடுகிற பரணில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்து வாசித்தேன். காற்று ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்து வீட்டு ஜெரால்டின் ஆடு அதை மிதித்து, அந்த ஆட்டைப் பற்றி ஒரு தனிக் கடிதமே எழுதலாம், போன வாரம் அது கோயில் மணிக் கயிற்றைத் தின்றுவிட்டது, பாதிரியார் சட்டியைத் தட்டி ஆட்களைக் கூப்பிட்டார். எங்கே விட்டேன்? உன் கடிதம்.

உன் பெண்சாதி ஜாய்ஸ் இறந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். அவள் அடுப்பை அதற்கப்புறம் நீ பற்றவைக்கவே இல்லை என்று எழுதியிருந்தாய். தெருமுனைக் கடையில் வறுவலும் ஹாம்பர்கரும், இல்லாவிட்டால் தகரத் தட்டில் உறையவைத்து விற்கிற சாப்பாடு. மகள் ரொண்டாவும் வீட்டைவிட்டுப் போய்த் தனி அறை எடுத்துக்கொண்டாள். இப்போது டாக்டர் உன் இருதயம் களைத்துப்போயிருக்கிறது என்கிறார். உப்பைக் குறை, கடைச் சாப்பாட்டை விடு, வீட்டில் சமைத்துச் சாப்பிடு, இல்லையென்றால் அடுத்த வருஷம் உன்னைப் பார்க்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

தம்பி, அந்த டாக்டர் சொல்வது சரி. இங்கே காலையில் ஒவ்வொரு வீட்டுப் புகையும் எழும்புகிறதா என்று எல்லாரும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறோம். புகை இல்லாத வீட்டுக்கு யாராவது போய்க் கதவைத் தட்டுவோம். சமைக்கிற வீட்டை ஊர் மறக்காது. டொரொன்டோவில் உனக்கு யார் இருக்கிறார்கள்? கடைக்காரன் உன் காசைத்தான் பார்க்கிறான், உன் முகத்தைப் பார்க்கிறானா? உன் கையால் ஆக்கினால் உள்ளே என்ன போகிறது என்று உனக்குத் தெரியும். வயிறு நேரத்துக்குப் பசிக்கும். சாயங்காலம் பீர்க்கடைப் பக்கம் போகக் கால் வராது, ஏனென்றால் அடுப்பில் ஒன்று இருக்கிறது, அது உனக்காகக் காத்திருக்கிறது.

ஒரு பானை வாங்கு. பெரிய பானை.

உன் பிரியமுள்ள அண்ணன்,
செஸ்லி


டொரொன்டோ
1971 செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பானை வாங்கிவிட்டேன். மூன்று நாளாக மேசைமேல் இருக்கிறது. நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ரொண்டா ஏன் போனாள் என்று கேட்காமல் விட்டீர்கள், அதற்கு நன்றி, ஆனாலும் சொல்கிறேன். அவள் அம்மா போன பிறகு கொஞ்ச நாள் அவள்தான் சமைத்தாள். வேலை முடிந்து வந்து சமைத்து வைப்பாள், நான் பீர்க்கடையிலிருந்து வருவதற்குள் ஆறிப்போயிருக்கும். ஒருநாள் தட்டைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு, "அப்பா, இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்றாள். அடுத்த வாரம் பெட்டியைக் கட்டினாள்.

நேற்று ஆலை வாசலில் வந்து நின்றாள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். நம்பவில்லை. "நீங்களா? சமைக்கப் போறீங்களா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, "சரி. அந்த வீட்ல அடுப்பு எரியற அன்னைக்கு சொல்லுங்க. வரேன்" என்றாள்.

அதனால் அண்ணா, இது என் இருதயத்துக்காக மட்டும் இல்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். நம் அம்மா ஆக்குகிற ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை எனக்கு ஆக்கத் தெரிய வேண்டும். உப்புக்கறி, துணிப்பையில் கட்டின பட்டாணி, கிழங்கு எல்லாம் ஒரே பானையில். நம் ஊர்க்காரன் ஒருவன் இங்கே கடை வைத்திருக்கிறான், உப்புத் தண்ணீரில் போட்ட மாட்டுக்கறியை, நம் உப்புக்கறியை, வாளி வாளியாக விற்கிறான்.

ஒன்று மட்டும். அண்ணியிடம் சொல்லாதீர்கள். கார்லண்ட் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தால் ஊர் முழுக்கச் சிரிக்கும். கப்பலில் வருகிறவன் எல்லாம் கேலி பேசுவான். இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

உங்கள் தம்பி,
கார்லண்ட்


ஸ்கேட் ஆர்ம்
1971 அக்டோபர் 17

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? பானை பேச ஆரம்பித்துவிட்டதா?

ஃபீனாவிடம் மூச்சு விடவில்லை. நீ எழுதினதை அவளுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன். அவளுக்கு எழுத்து தெரியாதது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. "என்னங்க, பாதி பக்கத்துக்கு உங்க வாயே அசையலையே" என்றாள். "வானிலையப் பத்தி எழுதியிருக்கான்" என்றேன். "டொரொன்டோ வானிலைய மனசுக்குள்ளயா வாசிப்பாங்க?" என்றாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற பெண்பிள்ளை.

அவளைக் கேட்கவும் தேவையில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் கிடக்கிறதே, உனக்குத் தெரியும், கல்யாணம் ஆன நாளிலிருந்து கடலுக்குப் போகாத நேரமெல்லாம் நான் அதில்தான் படுத்துக் கிடக்கிறேன். கண்ணுக்கு முன்னால்தான் எல்லாம் நடக்கிறது. எனக்குத் தெரியாமல் அந்த அடுப்பில் ஒரு முட்டை வெந்தது கிடையாது. ஆகையால் கேள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகுமுன் கறியைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வை. பட்டாணியைத் துணிப்பையில் கட்டி அதற்குள்ளேயே தொங்கவிடு. தளர்வாகக் கட்டு, பட்டாணி ஊதும். இறுக்கிக் கட்டி வெடித்த கதை ஒன்று உண்டு, நம் அத்தை வீட்டில், கூரையில் இருந்து இரண்டு வருஷம் பட்டாணி உதிர்ந்தது. கோயில் முடிந்து வந்து டர்னிப்பும் காரட்டும் போடு, அப்புறம் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் போடு. உப்பு ஜாடியைத் தொடாதே. இந்தப் பானைக்கு உப்பே போட வேண்டியதில்லை. உன் டாக்டருக்கு ரொம்பப் பிடிக்கும்.

செவ்வாயும் வியாழனும் இதே பானைதான். மற்ற நாளில் மீந்ததை வாணலியில் வறுத்துச் சாப்பிடு. மீன் வாங்கினால் ஊறவைக்க மறக்காதே, உப்பு மீன் பலகை மாதிரி இருக்கும், அது உனக்குத் தெரிந்ததுதான். பானைத் தண்ணீரைக் கொட்டிவிடாதே. ஒரு கோப்பையில் ஊற்றிக் குடி. சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. சின்ன வயதில் நீயும் நானும் அதற்கு அடித்துக்கொள்ளவில்லையா?

ரொண்டாவுக்கு என் முத்தங்கள்.

அண்ணன்,
செஸ்லி


டொரொன்டோ
1971 நவம்பர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்தாள்.

முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் தட்டினாள், உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்றாள். நான் ஜாய்ஸின் ஏப்ரனைக் கட்டியிருந்தேன். பூப்போட்டது. அவள் அதை ஒரு தடவை பார்த்தாள். தட்டுகளை எடுத்து வைத்தாள்.

நிறையச் சாப்பிட்டாள். கொஞ்சம் உப்பாகத்தான் இருந்தது. "அப்பா, கடலையே கொதிக்கவெச்சிட்டீங்களா?" என்று கேட்டுக் குழாயடிக்கு இரண்டு தடவை போனாள். "எங்க ஊர்ச் சாப்பாடு இப்படித்தான், உன் நாக்கு டொரொன்டோ நாக்கு" என்றேன். அண்ணா, உண்மையாகக் கேட்கிறேன், அம்மா ஆக்கினதும் இப்படித்தான் இருந்ததா? எனக்கு மறந்துபோயிற்று. நாக்கு எரிந்தது. ஆனாலும் பானைத் தண்ணீரையும் குடித்தேன்.

போகும்போது, "அடுத்த ஞாயிறும் எரியுமா அடுப்பு?" என்று கேட்டாள். எரியும் என்றேன்.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். வீட்டில் சமைக்கிறாயா என்றார். தினமும் என்றேன். உப்பு? ஒரு சிட்டிகைகூடப் போடுவதில்லை என்றேன். முதுகில் தட்டிக் கொடுத்தார். எல்லாரும் உன்னை மாதிரி இருந்தால் எனக்கு வேலை இல்லை என்றார்.

பீர்க்கடைக்குப் போய் நாளாகிறது. சாயங்காலம் நேரே வீடுதான். மாடிப்படியில் ஏறும்போதே என் வீட்டு வாசனை எனக்கே வருகிறது. பல மாதமாக அந்தப் படியில் எதுவும் மணக்கவில்லை. கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, "இன்னைக்கு என்ன?" என்று கேட்கிறாள். ஜாய்ஸ் இருந்தபோதுகூட அவள் என்னோடு பேசினது இல்லை.

வேலைக்குப் போடுகிற பூட்ஸ் மட்டும் காலைப் பிடிக்கிறது. தோல் சுருங்கிவிட்டதுபோல.

தம்பி,
கார்லண்ட்


ஸ்கேட் ஆர்ம்
1971 நவம்பர் 28

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை கண் கலங்கிவிட்டது, ஃபீனா என்ன என்றாள், புகை என்றேன். ரொண்டா வந்தது பற்றி மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "புள்ள வீட்டுக்கு வந்துட்டாளா!" என்று கையைத் தட்டினாள். அப்புறம், "என்ன போட்டான் அவளுக்கு? தகர டப்பாவா?" என்றாள். நான் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பார்த்தாயா? நான் சொன்னது எல்லாம் நடக்கிறதா இல்லையா? மகள் வந்தாள், பீர்க்கடை போயிற்று, கீழ்வீட்டுக்காரி பேசுகிறாள். எந்த மருந்துக் கடையில் இந்த மருந்து கிடைக்கும்?

உப்பைப் பற்றிக் கேட்டாய். அது உன் நாக்கின் கோளாறு. இத்தனை காலம் கடைச் சாப்பாட்டைத் தின்று உன் நாக்குக்கு ருசி மறந்துபோயிற்று. பழகப் பழகச் சரியாகிவிடும், விட்டுவிடாதே. நம் கப்பலில் ஒரு போர்த்துகீசியன் இருந்தான், எதைக் கொடுத்தாலும் காரம் இல்லை என்பான், ஒருநாள் விளையாட்டுக்கு அவன் தேநீரில் மிளகுத்தூளைக் கொட்டினோம், நன்றாக இருக்கிறது என்று குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டான். நாக்கு என்பது பழக்கம்தான்.

பூட்ஸ் விஷயம், மழையில் நனைத்துவிட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்திருப்பாய். அப்படி வைத்தால் சுருங்கத்தான் செய்யும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கு.

இங்கே ஓரத்தில் பனிக்கட்டி கட்ட ஆரம்பித்துவிட்டது. இனிக் கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. கடிதம் தாமதமானால் அண்ணன் மறந்துவிட்டான் என்று நினைக்காதே.

கிறிஸ்துமஸ் ஆசீர்வாதங்களோடு,
செஸ்லி


டொரொன்டோ
1972 ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸ் கழித்துத்தான் கிடைத்தது. சொன்னபடி பெரிய பூட்ஸ் வாங்கினேன். அதையும் இப்போது கயிறு கட்டாமல்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.

ரொண்டா வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். ஞாயிறு, செவ்வாய், வியாழன். பானை நாள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் தங்கினாள், தன் பழைய அறையில் படுத்தாள். காலையில் எழுந்து வந்து மேசையில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு நீங்க ஒரு நாளாவது சமைச்சுப் போட்டிருக்கீங்களா அப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "ஏன்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கோபமாகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் உருளைக்கிழங்கு உரித்தோம்.

அவள் கொஞ்சம்தான் சாப்பிடுகிறாள், தண்ணீரில் கழுவிக்கொண்டு சாப்பிடுகிறாள், கேலி செய்துகொண்டே. நான் முழுத் தட்டும் சாப்பிடுகிறேன். நாக்கு பழகிவிட்டது. இப்போது உப்பே தெரிவதில்லை. நீங்கள் சொன்னது சரிதான்.

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ராத்திரியில் படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார், சமையலில் உப்பு போடுகிறாயா என்று மறுபடியும் கேட்டார், இல்லவே இல்லை என்று மறுபடியும் சொன்னேன். அவருக்கும் புரியவில்லை. வயது என்றார்.

மாடிப்படியில் இரண்டு தடவை உட்கார்ந்துதான் ஏறுகிறேன். ஆனால் ஏறுகிறேன். செவ்வாய்க்கிழமை அடுப்பு எரியாவிட்டால் அவள் வராமல் போய்விடுவாளோ என்று பயம். சொன்னால் சிரிப்பீர்கள்.

தம்பி,
கார்லண்ட்


ஸ்கேட் ஆர்ம்
1972 பிப்ரவரி 6

தம்பி,

சுகம் கேட்க வாய் வரவில்லை. கப்பல் பனியில் மாட்டிக்கொண்டு நேற்றுத்தான் வந்தது. உன் கடிதமும் நேற்றுத்தான் வந்தது. நாற்காலியில் தூங்குகிறேன் என்ற இடத்துக்கு வந்தபோது என்னால் மனதுக்குள் வாசிக்க முடியவில்லை. சத்தமாக வாசித்துவிட்டேன். ஃபீனா காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அதை மறுபடி வாசிங்க" என்றாள். வாசித்தேன்.

"கால்ல குழி விழுதுன்னு எழுதியிருக்கானா? என்னதான் சாப்பிடறான் அவன்?"

"வீட்டுச் சாப்பாடுதான். டாக்டர் சொன்னபடி. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

"நீங்களா? எதை எழுதிக் குடுத்தீங்க? கட்டில்ல கவுந்து படுக்கறது எப்படின்னா?"

"ஞாயித்துக்கிழமைப் பானை."

ஊசியைக் கீழே வைத்தாள். "கறியை எவ்ளோ நேரம் ஊறவைக்கச் சொன்னீங்க?"

"கறியை எதுக்கு ஊறவைக்கணும்? மீன்தான் காஞ்சு கிடக்கும். கறி வாளிக்குள்ள ஈரமாத்தானே இருக்கு?"

தம்பி, இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. எதுவும் என்னைத் தொட்டதில்லை. அப்போது அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் எழுத முடியாது.

"சனிக்கிழமை நீங்க குறட்டை விட ஆரம்பிச்சப்புறம் நான் எந்திரிச்சுப் போயி அந்தக் கறிய எடுத்து, கழுவி, நல்ல தண்ணியில போடறேன். காலையில நீங்க கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணிய வெளிய கொட்டறேன். அப்புறம் ஒரு கொதி விட்டு அதையும் கொட்டறேன். அதெல்லாம் முடிஞ்சப்புறந்தான் பானைய அடுப்புல வெக்கறேன். நீங்க எந்திரிச்சு வந்து, ஆகா சமையல் ஆரம்பிச்சாச்சுங்கறீங்க!"

"சொல்லவே இல்லையே நீ" என்றேன்.

"கேட்டீங்களா? என்னைக்காவது கேட்டீங்களா? அந்தத் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, தெரியும். அதை அப்படியே அவன் வயித்துல கொட்டிட்டீங்க. அதுவும் போதாதுன்னு பானைத் தண்ணிய வேற குடிக்கச் சொன்னீங்களாக்கும்?"

நான் கடிதத்தை மடித்தேன். அவளுக்கே தெரிந்துவிட்டது. "எங்க அப்பாவுக்குக் காலு வீங்கினப்ப எங்கம்மா அந்தப் பானையவே அவரு பக்கம் விடல, ஊறவெச்சாலும் விடல" என்று சொல்லிக்கொண்டே காலில் வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கித் தபாலாபீஸுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். தந்தி அடிக்கிற மில்லி, "என்ன ஆச்சு, யாராச்சும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. ரெண்டு ஆம்பளைங்க சேந்து சமைச்சிருக்காங்க" என்றாள் ஃபீனா.

கறியை நிறுத்து, பானைத் தண்ணீர் குடிக்காதே, டாக்டரிடம் இப்போதே போய் உப்புக்கறி என்று சொல், இப்படித்தான் தந்தி. அது இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே உனக்குக் கிடைத்திருக்கும். கிடைத்திருக்க வேண்டும்.

மன்னித்துக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி எழுதி அடித்துவிட்டேன். அந்த வார்த்தை இதற்குப் போதவில்லை. ஒரு வரி எழுது தம்பி. ஒரே ஒரு வரி.

செஸ்லி


டொரொன்டோ, மருத்துவமனை
1972 பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு, அண்ணிக்கு,

படுக்கையில் சாய்ந்தபடி பென்சிலால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

தந்தி வந்தபோது நான் ஏற்கெனவே இங்கே வந்துவிட்டேன். வியாழக்கிழமை படியில் விழுந்தேன், கீழ்வீட்டு அம்மாள் சத்தம் கேட்டு வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ரொண்டா தந்தியை இங்கே கொண்டுவந்து வாசித்தாள். "அப்பா, மூணு மாசமா நான் சொன்னேனே, கடல் கடல்னு" என்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். நர்ஸ் வந்து அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரிடம் காட்டினோம். அவருக்கு உப்புக்கறி என்றால் என்னவென்றே தெரியவில்லை. ரொண்டா கடைக்குப் போய் ஒரு துண்டு வாங்கி வந்து காட்டினாள். நக்கிப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். இருதயம் முன்னமே கெட்டுத்தான் இருந்தது, இதனால் எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார். நல்ல மனுஷர். அதை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணா. எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதினது எல்லாம் வந்தது. எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட மூச்சும் இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கடிதம் நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் தெருமுனைக் கடையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். இதே கட்டிலுக்குத்தான் வந்திருப்பேன், கொஞ்சம் பிந்தி. ஆனால் பக்கத்து நாற்காலியில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அவள் இப்போது என் வீட்டில் சமைக்கிறாள். உப்பு இல்லாமல். தினமும் ஒரு ஜாடியில் ஊற்றித் துண்டில் சுற்றிக் கொண்டுவருகிறாள். ருசி ஒன்றும் இல்லை. நான் இரண்டு கரண்டி சாப்பிடுவேன், மீதியை அவள் என் எதிரில் சாப்பிடுவாள்.

அண்ணி, உங்களிடம் மறைத்தது என் யோசனைதான், அண்ணனுடையது இல்லை. கேலிக்குப் பயந்தேன். உப்பில்லாமல் ருசியாக ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரொண்டாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். நீங்களே சொல்லுங்கள், அண்ணன் எழுதட்டும், ஒரு வார்த்தை விடாமல்.

கார்லண்ட்


ஸ்கேட் ஆர்ம்
1972 மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு, எங்கள் செல்லப் பெண் ரொண்டாவுக்கும்,

எப்படியப்பா இருக்கிறாய்? மூச்சு இறங்கியிருக்கிறதா? படுத்துத் தூங்க முடிகிறதா? ரொண்டா, நீ சாப்பிடுகிறாயா அம்மா? நோயாளியைப் பார்க்கிறவர்கள் தங்கள் வயிற்றை மறந்துவிடுவார்கள், மறக்காதே.

உன் கடிதத்தை ஃபீனாவுக்கு முழுதாக வாசித்தேன். ஒரு வரி தாண்டவில்லை. அவள் பேர் வருகிற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிங்க" என்றாள்.

"எங்கே?"

"அடுப்புக்கு. நான் சொல்லி நீங்க எழுதினா மறுபடியும் எதையாவது விட்டுருவீங்க. கையால செஞ்சுட்டு எழுதுங்க."

ஆக, அந்தக் கட்டில் இப்போது பூனைக்குப் போய்விட்டது. ஒரு வாரமாக நான்தான் ஆக்குகிறேன். முதல் நாள் கஞ்சியில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. ஜெரால்ட் வந்து எட்டிப் பார்த்து, "செஸ்லி, படகுக்குத் தார் காய்ச்சறியா?" என்றான். சிரித்துவிட்டுப் போகட்டும். நீ கேலிக்குப் பயந்தாய், நானும் பயந்தேன். இப்போது ஊரே வந்து பார்த்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவள் பின்னால் நின்று, "தண்ணி கொதிக்குதா, கேளுங்க. கண்ணால பாக்காதீங்க, காதால கேளுங்க" என்கிறாள். தண்ணீர் பேசுகிறது தம்பி. பக்கத்திலேயே கிடந்தும் இத்தனை காலம் எனக்குக் கேட்கவில்லை.

கோழிச் சாறு. உப்பு ஒரு துளிகூட இல்லை. ஒவ்வொரு வேலையும் செய்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன், தாளில் எண்ணெய்க் கறை பட்டால் பொறுத்துக்கொள்.

கோழியை முதல் நாளே துண்டு போட்டுக் குளிரில் மூடி வை. இதையும் எழுது என்கிறாள், எழுதிவிட்டேன். முதலில் கைகளைக் கழுவு. அதையும் எழுதச் சொன்னாள். பெரிய வெங்காயம் இரண்டு, மெல்லிசாக அரி. வாணலியில் ஒரு கரண்டி கொழுப்பை விட்டு, தீயைக் குறைத்து வெங்காயத்தைப் போடு. இங்கேதான் ரொண்டா, நீ பொறுமையாக இருக்க வேண்டும். உப்பு செய்கிற வேலையை இந்த வெங்காயம்தான் செய்யப் போகிறது என்கிறாள் உன் பெரியம்மா. சிவக்கும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவசரப்பட்டால் கசக்கும். என்னுடையது இப்போதுதான் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது, ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பேனா. வாசனை தூக்குகிறது தம்பி, நீ இங்கே இருந்தால்

யாரோ வாசலில். தந்தி அடிக்கிற மில்லி, கையில் ஏதோ காகிதம். பனியில் தபாலாபீஸிலிருந்து இவ்வளவு தூரம் எதற்கு நடந்து வந்தாள் என்று தெரியவில்லை. ஃபீனா போய்ப் பேசிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேர் சத்தமும் கேட்கவில்லை. நான் வெங்காயத்தை விட்டு நகரக் கூடாது, அவள் உத்தரவு.

சிவந்ததும் கோழியைப் போடு. தண்ணீர் ஊற்றுமுன் காய்ந்த வாசனை இலையை உள்ளங்கையில் கசக்கித் தூவு, காரட்டை அரிந்து வைத்துக்கொள். ஃபீனா கூப்பிடுகிறாள். அடுப்பை அணைத்துவிட்டு வாங்க என்கிறாள். இன்னும் சிவக்கவில்லையே என்று சொன்னேன், மறுபடியும் கூப்பிடுகிறாள். போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன், நீ அதற்குள் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொள், ஆனால் ரொண்டா, கோழியைப் போட்டதும் உடனே மூடிவிடாதே, ஏனென்றால்